ஆரவாரத்துள் மறைந்த பெயர்கள்

மக்களுக்கு வரலாறு இருப்பது போலவே அவர்கள் வாயில் வழங்கும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. அரசர்தம் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்படுகிறது. சொற்களின் வரலாறோ அவற்றின் உடம்பிலேயே தழும்பாகக் கிடக்கிறது. தேடிப் பார்ப்பவர்க்கே அத்தழும்பு புலப்படும்.

யான் பணிபுரியும் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கோலா சாவாவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் ‘குவாலா’ என்பது ஆற்றுவாய். ‘சாவா’ என்பது நெல்வயல். இரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர் அவ்வூர்ப் பெயரைத் தம் நாவுக்கு இசைய ‘கோலா சாவா’ என்று வழங்கினர். சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன், “இது சாவே இல்லாத ஊர், ஆதலால் சாவா எனப் பெயர் பெற்றது” என்று கட்டுரையில் எழுதியிருந்தான். யான் சிரித்தேன், திருத்தவும் செய்தேன். ஆயினும் அச்சிறுவன் செய்தது புதிய குற்றம் அன்று. பொருள் தெரியாத பிறமொழி ஒலியைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது மனித மனத்தின் பழைய இயல்பு. அவ்வியல்பால் பிறந்த ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொல் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்பது.

சொல்லும் அகராதியும்

இன்று இப்பெயரைக் கேட்டவுடன் மொழியாய்வாளர்க்கு நினைவுக்கு வருவது ஒரு நூலே ஆகும். ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் என்னும் இருவர் தொகுத்து, 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதிக்கு ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்பது பெயர். வில்லியம் குரூக் என்பவர் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு 1903இல் வந்தது. யூல் வங்காளத்தில் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றியவர். மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்தவர். பர்னல் நம் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். சென்னை மாகாணத்து ஆட்சிப்பணியில் சேர்ந்து, தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை ஆராய்ந்து 1874இல் நூல் வெளியிட்டவர். தஞ்சை அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவரும் அவரே. அகராதி அச்சேறுமுன், 1882இல் அவர் மறைந்தார்.

அந்நூலில் தமிழ்ச் சொற்கள் பல உள்ளன. கட்டுமரம், சுருட்டு, கூலி ஆகியவை அங்கே ஆங்கில உடையில் நிற்கின்றன. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடாணி’ ஆகிவிட்டது. கணக்கப்பிள்ளை ‘கானிகோபொலி’ என்னும் உருவில் வருகிறார். இத்தனை சொற்கள் இருக்க, நூலின் தலைப்பாக ‘ஹாப்சன் ஜாப்சன்’ அமைந்தது ஏன்? அந்நியச் சொல் ஆங்கிலேயர் வாயில் எந்த அளவுக்கு உருமாறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை என்று ஆசிரியர்கள் கருதினர். அது பிரிட்டிஷ் படைவீரர்களிடையே வழங்கிய கொச்சைச் சொல். ‘இந்நாட்டு மக்களின் திருவிழா ஆரவாரம், கூத்து, கும்மாளம்’ என்பது அதன் பொருள். வழக்கொழிந்துவிட்டது என்று தாம் முன்பு எண்ணியிருந்த அச்சொல் பாளையங்களில் இன்னும் உயிரோடு இருப்பதையும் தொகுப்பாசிரியர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

அழுகை ஆரவாரம் ஆன கதை

இச்சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் நாம் சென்று சேரும் இடம் கர்பலா என்னும் பாலைவெளி. கி.பி. 680ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 61ஆம் ஆண்டின் முஹர்ரம் திங்கள் பத்தாம் நாள், நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைன் அவர்கள் தம்மைச் சார்ந்த சிறு கூட்டத்தோடு அங்கே கொல்லப்பட்டார். அவர் தமையனார் இமாம் ஹசன் அவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார். ஆண்டுதோறும் முஹர்ரம் வரும்போது மக்கள் ஊர்வலமாகச் சென்று, மார்பில் அறைந்துகொண்டு, ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்று கதறுவர். ‘ஓ ஹசனே! ஓ ஹுசைனே!’ என்பது அதன் பொருள். மறைந்த உடன்பிறந்தார் இருவரைப் பெயர் சொல்லி அழைத்து அழும் குரல் அது.

இக்குரல் ஐரோப்பியர் செவியில் விழுந்தபோது பலவாறு சிதைந்தது. 1670களில் இந்தியாவில் பயணம் செய்த ஆங்கில மருத்துவர் ஜான் பிரையர் அதனை ‘ஹாசி காசி’ என எழுதினார். டச்சு ஆசிரியர் வாலெண்டைன் 1726ஆம் ஆண்டு நூலில் ‘ஜாக்சம் பாக்சம்’ என எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைவீரன் அதனைத் தன் நாட்டு ஆட்பெயர்களாகவே ஆக்கிக்கொண்டான். ஹாப்சன் என்பதும் ஜாப்சன் என்பதும் இங்கிலாந்தில் வழங்கும் குடிப்பெயர்கள். அவை இணைந்து வரும்போது அந்நாட்டார்க்கு நாட்டுப்புறத்துக் கோமாளிகள் இருவர் நினைவே எழும். இங்ஙனம் வீரச்சாவு எய்திய பெரியாரும் அவர் தமையனாரும் இரு கோமாளிகளாக மாறினர். அதன்பின் முஹர்ரம் ஊர்வலம் மட்டுமன்றி, இந்தியர் கூடி முழக்கும் எந்த விழாவும் ‘ஹாப்சன் ஜாப்சன்’ ஆயிற்று.

ஓசை மாறியது முதற்படி. பொருள் மாறியது இரண்டாம் படி. ஓசை மாற்றத்தை மொழியியலார் விளக்கிவிட்டனர். பிறமொழிச் சொல்லைத் தம்மொழி ஒலிக்கும் தம்மொழிச் சொல்லுக்கும் ஏற்ப வளைத்துக்கொள்வதற்கு ‘ஹாப்சன் ஜாப்சன் விதி’ என்றே பெயரிட்டுள்ளனர். பொருள் மாற்றத்துக்குக் காரணம் நாவில் இல்லை. நின்ற இடத்தில் இருக்கிறது. தென்னகத்து முஹர்ரத்தில் அழுகையோடு கொட்டும் முழக்கும் இருந்தன. புலிவேடமும் சிலம்பமும் இருந்தன. ஆதலால், ஆரவாரத்தைக் கண்டதாகப் படைவீரன் கூறியது பொய் அன்று. அவன் தெருவோரத்தில் நின்றான், ஓசையைக் கேட்டான். அவ்வோசைக்குள் இரண்டு பெயர்கள் இருப்பதை அவன் கேட்கவில்லை. கேட்டறிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.

அருகில் நின்றவர்கள் வேறு விதமாகக் கேட்டனர். பர்னல் நீதி வழங்கிய தஞ்சைக்கு அருகில் காசவளநாடு புதூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே இந்துக்களே முஹர்ரத்தை ‘அல்லா பண்டிகை’ எனத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி, தீமிதித்து வருகின்றனர். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியைக் கண்டவர்க்கு இது வியப்பாக இராது. அவ்வூரார்க்கு அவ்வோசை பிறர் கூச்சலாக ஒலிக்கவில்லை. தம் ஊர் விழாவின் குரலாகவே ஒலித்தது.

நாமும் செய்ததுண்டு

ஆங்கிலேயரை மட்டும் குறை கூறி அமைதல் நடுநிலை ஆகாது. நம் தோட்டத்து முன்னோரும் இதே விதியைப் பின்பற்றியவர்களே. விடியுமுன் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ‘பரேட்’ நம்மவர் வாயில் ‘பெரட்டு’ ஆயிற்று. அது நடக்கும் இடம் பெரட்டுக்களம் ஆயிற்று. வரிசை வீடுகளைக் குறித்த ‘லைன்ஸ்’ என்னும் சொல் ‘லயம்’ ஆயிற்று. இசையில் இணைதலையும் ஒடுங்குதலையும் குறிக்கும் சொல், பத்தடி அறைக்குள் ஒரு குடும்பமே ஒடுங்கிய வாழ்க்கைக்கும் பெயரானது. அலுவலக எழுத்தர் கிராணி எனப்பட்டார். அச்சொல்லும் யூல், பர்னல் அகராதியில் வேறோர் எழுத்தமைப்பில் இடம்பெற்றுள்ளது. பால் பிடிக்கும் மங்கு, ‘மங்கோக்’ என்னும் மலாய்ச் சொல்லின் மகவு.

ஓசை மாற்றத்தில் மட்டுமன்று, பொருள் மாற்றத்திலும் நாம் பிந்தியவர் அல்லர். அமர்க்களம் என்பது போர்க்களம். வீரர் வெட்டுண்டு வீழ்ந்த இடம். இன்று கல்யாண வீடு ‘அமர்க்களமாக’ இருக்கிறது. களேபரம் என்பது உடல். உயிர் நீங்கிய உடலுக்கும் அப்பெயர் உண்டு. இன்று கடைத்தெருவில் கூச்சல் எழுந்தால் ‘ஒரே களேபரம்’ என்கிறோம். அட்டகாசம் என்பது வடமொழியில் பெருஞ்சிரிப்பு. இன்று குறும்பர் செய்யும் அடாவடிக்கும் அது பெயர். களமும் பிணமும் சிரிப்பும் தம் பொருள் இழந்து வெறும் ஆரவாரமாகத் தேய்ந்தமையை இவை காட்டுகின்றன.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. தொழிலாளி ‘பெரட்டு’ என்று சொன்னதால் துரைக்கு எந்தக் கேடும் விளையவில்லை. ஆள்பவன் ஒன்றைக் கூச்சல் என்று பெயரிட்டால் அப்பெயர் ஆணையாகிறது. சில வேளை துப்பாக்கியும் ஆகிறது.

பெயர் ஆணையான இடங்கள்

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் 1845 முதல் கரிபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் சென்றனர். அங்கேயும் முஹர்ரம் நடந்தது. இந்துக்களும் அதில் கலந்துகொண்டனர். தோட்டத்துக்கொரு தாசியா எனப்படும் அலங்காரக் கோபுரம் செய்து சுமந்தனர். ‘ஹுசைன்’ என்னும் பெயரே அங்கு ‘ஹோசே’ என மருவி விழாவின் பெயராயிற்று. 1884இல் அரசு அவ்வூர்வலங்கள் நகருக்குள் நுழைதலைத் தடை செய்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சான் பெர்னாண்டோ நகரை நோக்கி வந்த ஊர்வலத்தினர்மீது காவற்படை சுட்டது. குறைந்தது 16 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். வந்தவர்கள் ஒரு சாவை நினைந்து அழ வந்தவர்கள். சுட்டவர்களின் கண்ணுக்கு அவர்கள் அடக்கப்பட வேண்டிய ஆரவாரக் கூட்டமாகவே தோன்றினர். படைவீரன் வாயில் சிரிப்புக்குரியதாக இருந்த ஓசை, ஆட்சியாளர் கையில் சட்டத்துக்குரியதாக மாறிய வரலாறு இது.

நம் நாட்டுக்கும் இவ்விழா வந்தது. பினாங்கில் இன்று மலாய் மக்களின் இசைக்கூத்தாக விளங்கும் ‘போரியா’, முஹர்ரம் வழக்கத்திலிருந்து கிளைத்தது. இந்தியாவிலிருந்து வந்த படையினர் வழியாக அங்கு வேரூன்றியது எனக் கருதப்படுகிறது. அங்கு நிலைமை இருபுறமும் சிக்கலானது. முஹர்ரக் குழுக்கள் செங்கொடி, வெண்கொடிச் சங்கங்களாகப் பிரிந்து, சீன இரகசியச் சங்கங்களோடு கூட்டுச் சேர்ந்தன. 1867 ஆகஸ்டில் மூண்ட பினாங்குக் கலகம் பத்து நாள் அளவில் நகரை உலுக்கியது. ஆதலால், ஆட்சியாளரின் அச்சம் முற்றும் கற்பனை அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் தோட்ட வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். கூலியுயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவை தொழிலாளர் கேட்டவற்றுள் சில. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; தொழிலாளர் திரண்டனர்; இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். அரசு அதனைக் கலகம் எனக் கண்டது. அவ்வாரவாரத்துக்குள் ஒரு கோரிக்கைப் பட்டியலே இருந்தது.

இன்னொரு சொல்லையும் இங்கு நினைத்தல் தகும். ‘கெலிங்’ என்று நம்மை அழைப்பது இன்று வசையாகவே கொள்ளப்படுகிறது. கைதிகளாக வந்த இந்தியரின் கால் விலங்கு ‘கிளிங், கிளிங்’ என ஒலித்ததால் அப்பெயர் வந்தது என்று நம்மவரே சொல்வதுண்டு. அது பொருந்தாது. ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டு வருவதற்கு நெடுநாள் முன்பே, ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் இந்தியத் தென்னாடு ‘கெலிங்’ நாடு எனச் சுட்டப்பட்டுள்ளது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் மரூஉ அது என்பர் அறிஞர். ஹசன், ஹுசைன் என்னும் பெயர்களைப் பிறர் ஓசையாக்கினர். கலிங்கம் என்னும் பெயரை நாமே ஓசையாக்கிவிட்டோம். வரலாறு தெரியாதபோது தம் பெயரைக்கூட மனிதர் விலங்கோசையாகக் கேட்கத் தொடங்குவர் என்பதற்கு இது சான்று.

என் குறிப்பேட்டில் ஒரு சொல்

இந்த ஆராய்ச்சியில் யான் இறங்கியதற்குக் காரணம் ஒரு நூல் மட்டும் அன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரி முடித்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த காலம். பள்ளிக்கு எதிரே லயம். ஒரு நாள் காலை அங்கு ஒரு முதியவர் இறந்துவிட்டார். பறை முழங்கியது, பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தனர். என் வகுப்பு மாணவர்கள் பாடத்தில் மனம் செலுத்தவில்லை. கடைசி வரிசையில் இருவர் மேசையைத் தட்டி ஒப்பாரியைப் போல இராகம் இழுத்துக் காட்டினர். யான் அவர்களை அதட்டினேன்; சன்னல்களைச் சாத்தினேன். அன்றைய குறிப்பேட்டில், ‘வெளியே காட்டுக்கூச்சல், பாடம் தடைப்பட்டது’ என்று எழுதினேன்.

மாலையில் துக்கம் கேட்கச் சென்றேன். இறந்தவரின் மனைவியிடம், பேச்சு எதுவும் தோன்றாமையால், “காலையில் சத்தம் பள்ளி வரைக்கும் கேட்டதம்மா” என்றேன். அவ்வம்மையார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “சத்தமில்லீங்க வாத்தியாரே. அவரு பேரைச் சொல்லி அழுதோம். அவரு எந்த ஊருல பொறந்தாரு, எத்தனை நெரையில பால் வெட்டினாரு, எல்லாத்தையும் சொல்லித்தான் அழுதோம். நீங்க கேக்கலையா?” என்றார்.

யான் கேட்கவில்லை. முப்பது பேருக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன், சன்னலுக்கு வெளியே தமிழில் பாடப்பட்ட ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கவில்லை. கப்பலேறி வந்த ஊர்ப்பெயர், உழைத்த நிரை, பெற்ற மக்கள் ஆகிய அனைத்தும் அவ்வொப்பாரியில் இருந்தன. எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத வரலாறு அது. யான் அதற்கு இட்ட பெயர் ‘காட்டுக்கூச்சல்’. ஆங்கிலப் படைவீரன் நின்ற தெருவோரத்திலேதான் யானும் நின்றிருக்கிறேன் என்பதைப் பின்னாளில் ஹாப்சன் ஜாப்சன் என்னும் சொல்லின் கதையைப் படித்தபோது உணர்ந்தேன். அவனுக்காவது மொழி தெரியாது என்னும் சமாதானம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

அந்த லயம் இன்று இல்லை. இரப்பர் மரம் போய் எண்ணெய்ப் பனை வந்தது. தோட்ட மக்கள் நகர்ப்புறம் சென்றனர். ஒப்பாரி பாடத் தெரிந்தவர் அருகிவிட்டனர். அன்று சன்னலைத் திறந்து வைத்து, மாணவர்களைக் கேட்கச் செய்து, நான்கு அடிகளையாவது எழுதி வைத்திருந்தால், இன்று ஒரு குடும்பத்தின் வரலாறு எஞ்சியிருக்கும்.

தொல்காப்பியர் காட்டும் வழி

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில் ஆரவாரத்தைக் குறிக்கும் சொற்களாகக் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கினைக் கூறுகின்றார். அத்துடன் அமையாமல், அவற்றுள் அழுங்கல் என்பதற்கு மட்டும் இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு என அடுத்து உரைக்கின்றார். ஒரே சொல்லில் ஓசையும் துயரும் உடன் உறைவதைப் பண்டைத் தமிழ் இலக்கணம் கண்டு கூறியுள்ளது. ஊரே ஒலிக்கிறது என்றால், அது விழாவாகவும் இருக்கலாம், இழவாகவும் இருக்கலாம், எது என்பதை அருகில் சென்று அறிய வேண்டும் என்பது இதனால் யாம் பெறும் பாடம். ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்னும் குரலுக்குத் தக்க தமிழ்ச் சொல் தேடினால், கும்மாளம் என்பது பொருந்தாது. அழுங்கல் என்பதே பொருந்தும்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் யான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. பெரட்டு, மங்கு, லயம் போன்ற தோட்டத்துச் சொற்களைக் கொச்சை என ஒதுக்கிவிட வேண்டா. அவற்றைத் தேர்வுத் தாளில் எழுதக் கூடாது என்று கற்பிக்கும் கடமை நமக்கு உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டறியச் செய்யும் கடமையும் உண்டு. ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டன் பாட்டியிடம் சென்று பத்துச் சொற்களையும், வீட்டில் பாடிய தாலாட்டு, ஒப்பாரி அடிகள் சிலவற்றையும் கேட்டு எழுதி வரட்டும். ஒரு பள்ளியில் ஐம்பது மாணவர் இருந்தால் ஐந்நூறு சொற்கள் சேரும். யூலும் பர்னலும் செய்த வேலையை அவர்கள் நின்ற இடத்திலிருந்து அல்லாமல், நம் வீட்டு வாசலிலிருந்து நாம் செய்யலாம்.

இனி, வீதியில் ஓர் ஓசை எழும்போது சன்னலைச் சாத்துமுன் ஒரு கணம் செவி சாய்ப்போம். அதற்குள் யாருடைய பெயரோ ஒலித்துக்கொண்டிருக்கலாம்.